அது தானாக இறங்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. உறையூரில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடை. அங்கே ஓர் அம்மாள் என் ட்ரோனுக்குக் குங்குமம் வைத்தார்.

தடுக்க நேரமில்லை. "மெஷினைப் பாக்கலாமா?" என்று கேட்டார்கள். பெட்டியைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். அந்த அம்மாள் மணிபர்ஸிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கேமராவுக்கு மேலே, சரியாக நடுவில், ஒரு பொட்டு. பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கூட வந்திருந்த நான்கு ஆண்களும் கைகூப்பினார்கள்.

யாரைப் பார்த்து? என்னை அல்ல. நான் மேஜைக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். மெஷினைப் பார்த்து!

இந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைக் கிழமைவாரியாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது என்பது வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பதினெட்டு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். வெல்டிங் செய்த ஒவ்வோர் இணைப்புக்கும் எந்தத் தேதி, எத்தனை மணி, யார் செய்தது, யார் பார்த்தது என்று எழுதி வைப்பது என் வேலை. ஆர்டர் குறைந்தது. ஆட்கள் குறைந்தார்கள். ஒருநாள் நானும் குறைந்தேன். நாற்பத்தேழு வயதில் ட்ரோன் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் இருந்தவர்களின் அம்மாக்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள். தேர்வு எழுதி, பைலட் சான்றிதழ் வாங்கி, ட்ரோனும் வாங்கியாயிற்று.

ஓட்டக் கற்றுக்கொள்வது சுலபம். ஓட்டச் சொல்லி யாராவது கூப்பிட வேண்டுமே... அது பாடத்திட்டத்தில் இல்லை.

நான் குடியிருப்பது கே.கே. நகரில். விமான நிலையத்துக்குப் பக்கம். ட்ரோன் வரைபடத்தில் எங்கள் வீடு, எங்கள் தெரு, நான் காய்கறி வாங்கும் கடை எல்லாமே சிவப்பு. சிவப்பு என்றால் சிறப்பு அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட மேலே கிளப்பக் கூடாது. என் சொந்த மொட்டை மாடியில் நான் வடகம் காயவைக்கலாம். ட்ரோன் விட முடியாது. பழகிப் பார்க்க வேண்டுமென்றால்கூட ஸ்கூட்டரில் காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரைக்குப் போக வேண்டும்.

ஆனால் அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் நேரே என்னிடம்தான் வருவார்கள்.

"முடியாதுங்க. இது ரெட் ஸோன்."

"போன வாரம் பின் தெருவுல விட்டாங்களே?"

"விட்டிருப்பாங்க."

"அப்ப நீங்க?"

"நான் விட மாட்டேன்."

இப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: 'ட்ரோன் வெச்சிருக்காங்க, ஆனா விட மாட்டாங்க.' ஒரு தொழிலைத் தொடங்க இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

மற்ற ஊர்க்காரர்கள் போனில் வருவார்கள். "பைலட் சார் இருக்காரா?"

"நான்தான் பைலட்."

"இல்லம்மா... ட்ரோன் ஓட்டுவாருல்ல, அவரு."

"நான்தாங்க ஓட்டுறது."

ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரிம்மா, வந்தா பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். இன்றுவரை அவர் பேசவில்லை. நானும் 'வரவில்லை'.

இலவசமாகக் கேட்பவர்கள் தனி ரகம். "ஒரு தடவை சும்மா பண்ணிக் குடுங்க. நம்ம சர்க்கிள் முழுக்கச் சொல்றேன்." மதுரை ரோட்டில் வெகுதூரம் தள்ளி மனை விற்பவர் ஒருவருக்கு அப்படி ஒருமுறை போனேன். மனைகளுக்கு நடுவே உயர்மின் கம்பி ஓடுகிறது. "அந்த லைன் மட்டும் தெரியாம எடுத்துருங்க மேடம்" என்றார். மேலே போனால் எல்லாம் தெரியும் என்பதுதானே ட்ரோனின் குணம்? தெரியக் கூடாது என்றால் அவர் கீழேயே நின்றிருக்கலாமே! படத்தில் கம்பி பளிச்சென்று விழுந்தது. அவருடைய சர்க்கிளில் என்னைப் பற்றி என்ன சொன்னாரோ, யாரும் கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். நான் விசிட்டிங் கார்டு நீட்டுவதையும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுவதையும் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ரயிலு என்னைக்காவது ஸ்டேட்டஸ் போட்டுச்சா? ஜனங்க தானா வந்து தொங்குறாங்க."

கிண்டல் ஒரு பக்கம் இருக்க, ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம். இந்த ஆனி முடிவதற்குள் கையில் நிலையாக வேலை இல்லையென்றால் ட்ரோனை விற்றுவிட வேண்டியது. தெரிந்தவர் ஒருவர் ஒரு மருத்துவமனையில் ரெக்கார்டு ரூம் வேலை சொல்லி வைத்திருக்கிறார். அங்கே போய் உட்கார வேண்டியது. தேதி போட்டு ஃபைல் அடுக்கும் வேலை. எனக்குப் பொருத்தமான வேலைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த நிலையில்தான் சேகர் வந்தார். உறையூர்க்காரர். கோயில் விசேஷம் என்றால் மைக், ஸ்பீக்கர், சீரியல் லைட், எல்.இ.டி. திரை, யூடியூபில் நேரடி ஒளிபரப்பு வரை எல்லாம் அவர் பொறுப்பு.

"அக்கா, இந்த சீசன்ல எங்கிட்ட பன்னெண்டு கும்பாபிஷேகம் நிக்குது. மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. நல்லா வந்துச்சுன்னா பன்னெண்டும் உங்களுக்குத்தான்."

பன்னிரண்டு! ஒரு வருடமாக நான் கெஞ்சிக் கேட்ட எல்லா வேலைகளையும் சேர்த்தாலும் அத்தனை வராது.

முதல் வேலை வைகாசியின் கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் புதிதாக முளைத்த தெருக்களில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். வரைபடத்தில் பச்சை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஜனங்களின் தலைக்கு மேலே போகாமல் பக்கத்துக் காலி மனைக்கு மேலே நிறுத்தி எடுப்பதாக ஏற்பாடு.

கமிட்டிச் செயலாளர் வரதன் மாமா. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "பேஷா பண்ணுங்கோ. டல்லாஸ்ல என் பிள்ளை, மஸ்கட்ல மாப்பிள்ளை, எல்லாரும் ஆத்துலேர்ந்தே ஸேவிக்கணும். அவ்வளவுதான் நேக்கு."

முதல் நாள் மாலையே அவரிடம் ஒன்று சொல்லி வைத்தேன். "கருடன் வந்தா நான் ட்ரோனை இறக்கிருவேங்க."

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றார், சமையல்காரரைப் பார்த்தபடி.

கும்பாபிஷேகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். விமானத்தின் உச்சியில் குடத்தோடு பட்டர் நிற்பார். கீழே ஜனம் அண்ணாந்து நிற்கும். வானத்தில் கருடன் வந்து வட்டமிட்ட பிறகுதான் கலசத்தில் தீர்த்தம் சேரும். வந்தால் பெருமாள் ஒப்புக்கொண்டார் என்று நம்பிக்கை. அதே வானத்தில்தான் என் ட்ரோனும் நிற்கப் போகிறது. பருந்து இனத்துக்கு ட்ரோனைக் கண்டால் ஆகாது. தன் எல்லைக்குள் வந்த வேற்றுப் பறவை என்று பாயும். பாய்ந்தால் நான்கு பக்கமும் சுழலும் இறக்கையில் அடிபடும். கொள்ளிடக் கரையில் பழகும்போது இரண்டு முறை என்னைத் துரத்தியிருக்கின்றன. கிழமையும் நேரமும் குறிப்பேட்டில் இருக்கிறது.

ஒன்பது முப்பத்தெட்டுக்கு ட்ரோனைக் கிளப்பினேன். திரையில் கலசம், மாவிலை, பட்டரின் கையில் குடம், பின்னால் கொள்ளிடத்து வெண்மணல். எனக்கே அழகாக இருந்தது.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கூட்டம் எழுப்பிய சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். "வந்துட்டார்! வந்துட்டார்!"

திரையின் இடது மூலையில் முதலில் நிழல் மாதிரி. பிறகு வெள்ளைத் தலை. செம்பழுப்புச் சிறகு. கலசத்தை ஒரு சுற்று சுற்றி, கேமராவை நோக்கித் திரும்பியது.

பக்கத்தில் வரதன் மாமா குதித்துக்கொண்டிருந்தார். "எடுங்கோ! எடுங்கோ! கிட்டக்கப் போங்கோ! விடாதீங்கோ!"

ட்ரோன் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் படம் அது. இன்னும் பத்து விநாடி மேலே நிறுத்தியிருந்தால் பிறகு நான் யாரிடமும் விசிட்டிங் கார்டு நீட்ட வேண்டியிருக்காது. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இடது கட்டைவிரலைக் கீழே இழுத்தேன். கருடனுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுக்கி, காலி மனையின் ஓரத்தில் விரித்திருந்த ஆரஞ்சு நிறப் பாயில் இறக்கி, மோட்டாரை நிறுத்தினேன். ட்ரோனே எழுதி வைத்திருக்கும் பதிவின்படி நாற்பத்தோரு விநாடி.

"ஏன் இறக்கினேள்?"

"கருடன் வந்துருச்சுங்க."

"அதுக்குத்தானே உங்களைக் கூப்ட்டோம்!"

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பேட்டரி, காற்று, கம்பி, திரும்பும் வழி... எல்லாம் பார்த்தாயிற்று. 'இறக்கினால் ஒளிபரப்பை வெட்டச் சொல்ல வேண்டும்' என்பது மட்டும் அதில் இல்லை. சேகரின் ஆபரேட்டராவது வெட்டியிருக்கலாம். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய்க்கு எதிரேதான் ஜனங்கள் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள்.

ஆக, கருடன் வட்டமிட்டு, தீர்த்தம் சேர்ந்து, கூட்டமே கண்ணீரோடு "கோவிந்தா" சொன்ன ஐந்து நிமிடமும், எல்.இ.டி. திரையிலும் மஸ்கட்டிலும் டல்லாஸிலும் தெரிந்தவை செருப்புகள். குளோஸ்-அப்பில். துல்லியமாக. கோயிலில் இருந்த ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதன் மாமாவின் போன் அடித்தது.

"என்னப்பா இது, ஒரே செருப்பா இருக்கு?" ஸ்பீக்கரில் பிள்ளையின் குரல். "அந்த நீல செருப்பு அம்மாதுதானே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பிடுங்கினேன்.

எல்லாம் முடிந்து பட்டர் கீழே வந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். முப்பது வயது இருக்கும், வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "இறக்கினேளா? நான் கவனிக்கவே இல்லையே! கையில குடம், கீழ சாரம்... நேக்கு அதுவே சரியா இருந்தது" என்றபடி மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை கேலி தொடங்கியது. ஒளிபரப்பிலிருந்து அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். 'லைவ் செருப்பு தரிசனம்' என்று தலைப்பு. என் தங்கையே எனக்கு அனுப்பி, "அக்கா, இது யாரு, நம்ம ஊரு போல இருக்கே?" என்று கேட்டாள். மத்தியானம் சேகர் பேசினார். "பன்னெண்டையும் மறந்துருங்க அக்கா." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு அந்த வீடியோவுக்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் எழுதினார்: 'சிரிக்காதீர்கள். கருடன் வந்த நொடியில் அந்த மெஷின் செயலிழந்து, அடியார்களின் பாதரட்சைக்கு முன்னால் போய் விழுந்தது. புரிகிறவர்களுக்குப் புரியும்.'

அவ்வளவுதான். திங்கட்கிழமை அதற்குப் பின்னணி இசை சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வந்த ஃபார்வர்டில் ட்ரோன் கலசத்தை மூன்று முறை வலம் வந்து இறங்கியிருந்தது. புதன்கிழமை, எவ்வளவு முயன்றும் பைலட்டால் அதை மறுபடி கிளப்ப முடியவில்லை. அவர் அங்கேயே விழுந்து கதறி அழுதார். பைலட் ஓர் 'இளைஞர்'. வெள்ளிக்கிழமைக்குள் மெஷினைத் தயாரித்த கம்பெனியிலிருந்தே ஆட்கள் வந்து சோதித்துவிட்டார்கள். காரணம் பிடிபடவில்லையாம்!

எனக்குப் பழைய ஊர் வரலாறுகள் படிக்கும் பழக்கம் உண்டு. கோயில் கதைகள், பயணிகள் எழுதிய குறிப்புகள், நைந்துபோன மாவட்ட ஆவணங்கள்... கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். வரி வசூலுக்குத் தேதி இருக்கும். வெள்ளத்துக்குத் தேதி இருக்கும். அற்புதத்துக்கு மட்டும் 'ஒருகால்', 'முன்னொரு சமயம்'. முதலில் சொன்னது யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒருவராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று அலுத்துக்கொள்வேன்.

இதோ, எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு முதல் வெள்ளி வரை. ஓர் அற்புதம் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நடக்க ஆறு நாள் போதும்.

சனிக்கிழமை காலை சேகர் பேசினார். குரலில் தேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க? பன்னெண்டு பதினாறாயிருச்சுக்கா! லால்குடி பக்கம், முசிறி பக்கம், எல்லாரும் 'அந்த ட்ரோன்'தான் வேணும்னு நிக்கிறாங்க."

"சேகர், அதை நான்தானே இறக்கினேன்?"

"யாரு இல்லைன்னா? நீங்க பொய்யே சொல்ல வேணாம். சும்மா இருங்க, போதும். கேட்டா, 'எல்லாத்தையும் பெருமாள் பாத்துக்கிட்டாரு'ன்னு சொல்லுங்க. அது பொய்யா?"

"அடுத்த கோயில்ல கருடன் வந்து, ட்ரோன் பாட்டுக்கு மேலயே நின்னுக்கிட்டு இருந்தா?"

"என்னக்கா நீங்க... ரிமோட்டு உங்க கையிலதானே இருக்கு?"

பாருங்கள், எவ்வளவு தெளிவான மனிதர்! யார் இறக்குவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா இருக்குறதுக்குக் கூலின்னா எங்க ஷாப்புல பாதிப் பேரு லைன்ல நிப்பான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பதினாறு... கொஞ்சம் யோசிச்சுக்கோ. ஆனி பொறந்தாச்சு" என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று இங்கே எழுதினால் அதுவும் இன்னோர் அற்புதக் கதையாகிவிடும். பதினாறு கோயில் என்றால் ரெக்கார்டு ரூம் இல்லை. பதினாறு கோயில் என்றால் நான் பைலட். வாயை மட்டும் மூடிக்கொண்டால் போதும்.

செவ்வாய்க்கிழமை சேகரின் கடைக்குப் போனேன். லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து கமிட்டி வந்திருந்தது. நான்கு ஆண்கள், அந்தக் குங்கும அம்மாள். பொட்டு வைத்தாயிற்று, கும்பிட்டாயிற்று. தலைவர், வெள்ளைச் சட்டையில் ஜவ்வாது மணக்க, அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்களாம்மா?"

"இருந்தேங்க."

"என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டா எங்களுக்குத் திருப்தி."

சேகர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். சிரிக்கச் சொல்லிக் காட்டினார்.

"கருடன் வந்துச்சுங்க. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. என் கண்ணால பாத்தேன்."

"ஆஹா!"

"நான் ட்ரோனை இறக்கினேன்."

"அது இறங்கிருச்சு."

"இல்லைங்க. நான் இறக்கினேன். பறவைக்கு அடிபடக் கூடாதுன்னு."

தலைவர் சிரித்தார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துப் பொறுமையாக விளக்கினார். "அதாவதும்மா... நீங்க இறக்கினதா உங்களுக்குத் தோணியிருக்கும். இறக்க வெச்சது யாரு?"

"தோணலைங்க. கட்டைவிரலால இழுத்தேன். நாப்பத்தோரு விநாடி. பதிவு இருக்கு, காட்டவா?"

"வேணாம் வேணாம்." அவர் ட்ரோனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ட்ரோனைப் பார்த்தார். "அப்ப இது... சாதாரண ட்ரோன்தானா?"

"சாதாரண ட்ரோன்தாங்க."

"மறுபடி கெளப்ப முடியலைன்னாங்களே?"

"பத்து மணி பத்துக்குக் கெளப்பினேன். மிச்ச நிகழ்ச்சி முழுக்க எடுத்திருக்கேன். யாரும் பாக்கலை."

ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார். "சரி, ஒரு டீ சாப்டுட்டு வந்து பேசுவோம்" என்று தலைவர் எழுந்தார். சேகர் இங்கேயே வரவழைக்கிறேன் என்றார். "பரவாயில்ல, கால் கொஞ்சம் நடந்தாத் தேவலை" என்றார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் யாராவது பையையும் எடுத்துக்கொண்டு போவார்களா?

அந்த அம்மாள் மட்டும் வாசலில் ஒரு நொடி நின்றார். "கருடன் அவ்வளவு கிட்டக்க வந்துருச்சு இல்ல... பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுங்க."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பன்னிரண்டு நாளில் என்னைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

அவர்கள் போனதும் சேகர் நாற்காலியில் சரிந்தார். "பதினாறையும் ஒரே நிமிஷத்துல இறக்கிட்டீங்களே அக்கா! மார்க்கெட்டிங்னா என்னன்னே உங்களுக்குத் தெரியலை."

"தெரியுது சேகர். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அவங்க நம்பினா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நல்ல கேள்வி. அன்று கடையில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இங்கே சொல்கிறேன், சேகரும் இந்தப் பத்தியைப் படிப்பவர்தான்.

கருடன் வந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை, நானே பார்த்தேன். அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. வரதன் மாமாவுக்குச் செருப்பு காட்டியதற்காக இன்னொரு முறையும் மன்னிப்புக் கேட்கத் தயார். அது என் தப்பு. ஆனால் இறக்கியது தப்பும் இல்லை, தானாக நடந்ததும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை வரும் படத்தை, பக்கத்தில் ஒருவர் குதித்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று முடிவு செய்தது ஒரு மனுஷி. ஊரே கூடி அவளை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டது. முதலில் இளைஞர் ஆக்கினார்கள். பிறகு அந்த இளைஞரையும் அழவிட்டு ஓரமாக உட்கார வைத்தார்கள். இரும்புக்குப் பக்தி வரும் என்று நம்புகிறோம். அதை ஓட்டுகிறவளுக்கு நிதானம் இருக்கும் என்று நம்ப மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

இன்னொன்றும் உண்டு சேகர். இன்று வாயை மூடிக்கொண்டால் அடுத்த கோயிலில் நடிக்க வேண்டும். அதற்கடுத்த கோயிலில் கருடனே வராதபோதும் இறக்கிக் காட்டச் சொல்வார்கள். பதினாறாவது கோயிலில் நான் பைலட்டாக இருக்க மாட்டேன். உங்கள் சீரியல் லைட் மாதிரி ஒரு அயிட்டமாக இருப்பேன். அதற்கு ரெக்கார்டு ரூம் எவ்வளவோ மேல். அங்கே ஃபைலாவது உண்மையானது.

விஷயம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை பதினாறில் பதினொன்று போய்விட்டது. 'நேர்ல பாத்தா ரொம்பத் திமிரான பொம்பளை' என்று ஒரு கமிட்டி சொல்லியிருக்கிறது. மிச்சம் ஐந்தும் இதைப் படித்ததும் போகலாம். ஆனி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீட்டுக்காரர் காலண்டரை ஒருமுறை பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று வாரம் முழுக்க விசிட்டிங் கார்டு நீட்டுவேன், போன் எடுப்பேன், கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பழகுவேன். விற்க வேண்டிய நாள் வரும்போது விற்கலாம். அதற்கு ஒரு நாள் முன்னாலும் இல்லை.

இத்தனை வருடத்தில் இந்த இடத்தை ஒருமுறைகூட நான் சொந்த விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதில்லை. இந்த வாரம் பயன்படுத்துகிறேன், மன்னிக்க வேண்டாம்.

வானத்திலிருந்து படம் எடுத்துத் தரப்படும். அற்புதம் தேவைப்படுவோர் வேறு ஆளைப் பார்க்கவும்.